மிச்ச நூலில் பிறந்த மோதிரம்

கனசவா நகரத்துப் பட்டு விரல் வளையமும் அதன் விலைக் கணக்கும்

கடையில் மிச்சப்படும் பொருளை என்ன செய்வது என்ற கவலை நம்மில் எல்லோருக்கும் உண்டு. மளிகைக்காரருக்கு மூட்டையின் அடியில் தங்கும் குருணை. ஜவுளிக்காரருக்குத் துண்டுத் துணி. நூல் வியாபாரிக்குக் கண்டு தீர்ந்த பின் தங்கும் நாலு முழ நூல். பெரும்பாலும் அதைக் கழிவு என்று எழுதிப் பேரேட்டை மூடிவிடுகிறோம். ஜப்பான் நாட்டில் ஒரு நகரத்துத் தையற்பெண்கள் அந்த நாலு முழ நூலை வைத்துக்கொண்டு தங்கள் விரலுக்கு ஒரு வளையம் செய்துகொண்டார்கள். அந்த வளையம் இன்று மோதிரமாகவும் கழுத்துப் பதக்கமாகவும் விலை போகிறது. அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். தங்கம் இல்லை, வெள்ளி இல்லை, கல் இல்லை. உள்ளே காகிதம், மேலே பட்டு நூல். இப்படிப்பட்ட பொருளுக்கு என்ன விலை வைப்பது, யார் வைப்பது என்ற கேள்வி நமக்கும் உரியது என்பதால்தான் இந்த இதழில் அதைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டோம்.

பத்து லட்சம் கொகு

நகரின் பெயர் கனசவா. ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவில், மேற்குக் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. இஷிகவா மாநிலத்தின் தலைநகர். பழைய நாளில் இந்தப் பகுதிக்குக் காகா என்று பெயர். (காக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) 1583-ல் மயேதா தோஷியே என்ற பிரபு கனசவா கோட்டைக்கு வந்து அமர்ந்தார். 1871-ல் சிற்றரசுகள் ஒழிக்கப்படும் வரை அந்த வம்சமே அங்கு ஆண்டது.

அக்காலத்தில் ஜப்பானில் ஒரு பிரபுவின் செல்வத்தை அரிசியால் அளந்தார்கள். அந்த அளவுக்குக் கொகு என்று பெயர். ஒரு கொகு சுமார் 180 லிட்டர். எடை போட்டால் ஏறக்குறைய 150 கிலோ. ஓர் ஆள் ஒரு வருடத்துக்குச் சாப்பிடும் அரிசி என்பது கணக்கு. காகா நாட்டின் மதிப்பு பத்து லட்சம் கொகு. அரிசி மண்டி வைத்திருப்பவர்கள் இதற்குள் மனக்கணக்குப் போட்டிருப்பார்கள்: 15 கோடி கிலோ, 75 கிலோ மூட்டையில் 20 லட்சம் மூட்டை. டோக்கியோவில் இருந்த தொகுகவா ஆட்சியாளருக்கு அடுத்தபடியாகப் பெரிய வருமானம் உள்ள பிரபு இவர்தான்.

இவ்வளவு செல்வத்தைப் படை திரட்டச் செலவிட்டால் மேலிடத்தின் சந்தேகம் வரும். அதனால் மயேதா குடும்பத்தார் கைத்தொழில்களில் பணத்தைப் போட்டார்கள் என்று சொல்வார்கள். கோட்டைக்குள்ளேயே கைவினைஞர்களுக்குப் பட்டறை இருந்தது. அரக்கு வேலை, தங்கத்தாள், துணிச் சாயம், பட்டுப் பூவேலை எல்லாம் அங்கு தழைத்தன. இன்றும் ஜப்பானில் செய்யப்படும் தங்கத்தாள் ஏறக்குறைய முழுவதும் கனசவாவில்தான் அடிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் இந்த நகரத்தின் மீது குண்டு விழவில்லை. ஆகவே பழைய தெருக்களும் பழைய கடைகளும் நிலைத்தன. ஓமிச்சோ என்ற காய்கறி, மீன் சந்தை 1721-ல் இருந்து நடக்கிறது. சுமார் 170 கடைகள். நம் வாசகர்கள் யாராவது அந்த ஊருக்குப் போக நேர்ந்தால் முதலில் அந்தச் சந்தையைத்தான் தேடிப் போவார்கள் என்பது நமக்குத் தெரியும்.

கிமோனோவும் தையற்பெண்ணும்

பட்டுப் பூவேலையும் சாயமும் செழித்த ஊரில் தையல் வேலைக்குக் குறைவிருக்காது. ஜப்பானியர் உடையான கிமோனோவில் வளைந்த வெட்டு மிகக் குறைவு. சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச் சுருளை நேர் நேராக வெட்டி, நேர் நேராகத் தைப்பார்கள். எல்லாம் கைத்தையல். நல்ல பட்டுக் கிமோனோவை அப்படியே தண்ணீரில் முக்கித் துவைப்பதில்லை. தையலைப் பிரித்து, துண்டுகளைத் துவைத்து விறைப்பாகக் காயவைத்து, மறுபடியும் தைப்பார்கள். ஒரு கிமோனோ ஒரு முறை தைத்தால் தீர்ந்துவிடும் வேலை இல்லை. அதன் ஆயுளுக்குள் எத்தனையோ தடவை தைக்கப்படும். அதனால் தையலுக்கென்றே பெண்கள் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு அமர்ந்திருந்தார்கள்.

இவர்கள் ஊசி பிடிக்கும் முறை வேறு. நம் ஊர்த் தையற்காரர் கைத்தையல் போடும்போது விரல் நுனியில் ஒரு உலோகக் குல்லாய் மாட்டிக்கொண்டு ஊசியின் பின்பக்கத்தை அழுத்துவார். ஜப்பானில் நுனியில் மாட்டுவதில்லை. வலது கையின் நடுவிரலில், கணுக்களுக்கு நடுவே மோதிரம் போல ஒரு வளையம் போட்டுக்கொள்கிறார்கள். ஊசியின் காது அந்த வளையத்தின் மீது முட்டிக்கொண்டு நிற்கும். ஊசி அசைவது கொஞ்சந்தான். இரண்டு கைகளாலும் துணியை மேலும் கீழும் ஆட்டி, துணியை ஊசியின் மேல் ஏற்றிக்கொண்டே போவார்கள். கை பழகினால் ஒரே ஓட்டத்தில் முழக்கணக்கில் தையல் ஓடும். வளையம் இல்லாவிட்டால் அரை நாளில் விரல் புண்ணாகிவிடும்.

இந்த வளையத்துக்கு யுபிநுகி என்று பெயர். யுபி என்றால் விரல். சாதாரண யுபிநுகி தோலாலோ உலோகத்தாலோ ஆனது. ஜப்பானில் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். கனசவாப் பெண்கள் அதைப் பட்டு நூலால் செய்தார்கள். அதனால் அதற்குக் காகா யுபிநுகி என்று பெயர் வந்தது. முதலாளி வீட்டில் தைத்து மிச்சமான நூல் துண்டுகளைச் சேர்த்து வைத்து, புத்தாண்டிலும் முன்னோர் வழிபாட்டுக்கான போன் பண்டிகையிலும் கிடைக்கும் விடுமுறை நாட்களில் தங்களுக்கென்று இதைச் செய்துகொள்வார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒருத்தி செய்ததை இன்னொருத்தி பார்த்து, அடுத்த விடுமுறையில் அதைவிட அழகாகச் செய்ய முயல்வாள். விலைக்கு விற்பதற்காகச் செய்ததில்லை. எந்தக் கடையின் இருப்புக் கணக்கிலும் இது ஏறியதில்லை.

நம் ஊரில் ஆயுத பூஜையன்று தராசுக்கும் படிக்கல்லுக்கும் பொட்டு வைப்பது போல அங்கு ஊசிகளுக்கும் ஒரு நாள் உண்டு. பிப்ரவரி 8 அல்லது டிசம்பர் 8. இடத்துக்கு இடம் மாறும். வருடம் முழுவதும் உழைத்து உடைந்துபோன ஊசிகளை மெத்தென்ற சோயாக்கட்டியிலோ கொன்னியாக்கு என்ற கிழங்குக் கட்டியிலோ குத்தி வைத்து வணங்கி விடைகொடுப்பார்கள். கடினமான துணியில் உழைத்த ஊசிக்குக் கடைசியில் மென்மையான இடம் கொடுக்க வேண்டும் என்பது எண்ணம்.

செய்யும் விதம்

இதைச் செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் விலைக் கணக்கு புரியும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் விரல் அளவு. அந்த அளவுள்ள ஒரு குச்சியையோ குழாயையோ எடுத்துக்கொண்டு, குறுக்கு வாட்டில் வெட்டிய துணி நாடாவை அதன் மேல் வளையமாகப் போட வேண்டும். அதன் மேல் அஞ்சலட்டைக் கனமுள்ள காகிதத்தைப் பட்டையாக வெட்டி இறுக்கமாகச் சில சுற்றுச் சுற்றி, துணியின் ஓரங்களை மேலே மடக்கித் தைத்துவிட வேண்டும். இதுதான் எலும்பு. அதற்கு மேல் பட்டுப் பஞ்சு. பட்டுக்கூட்டை நூலாக இழுக்காமல் அப்படியே விரித்தெடுத்த பஞ்சு இது. ஜப்பானில் மவாதா என்பார்கள். இதை மெல்லிசாக இழுத்து இழுத்து வளையத்தின் மேல் சுற்றி, நடுவில் கொஞ்சம் மேடாக வரும்படி செய்வார்கள். ஊசியின் காது வந்து முட்டும் இடம் இதுதான். பஞ்சும் நூலும் நெருங்கி இறுகிக் கிடப்பதால் ஊசி வழுக்காது, எளிதில் துளைத்துக்கொண்டும் போகாது.

பிறகு வளையத்தின் சுற்றளவைச் சமமான பாகங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி அளந்து, மடித்து, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று குறி வைப்பார்கள். இனி பட்டு நூல். கீழ் ஓரத்தில் ஒரு குறியில் தொடங்கி, மேல் ஓரத்தில் அடுத்த குறிக்குச் சாய்வாகப் போய், மறுபடி கீழே இறங்கி, வாய்க்கால் வளைவது போல ஒரு சுற்று. அடுத்த சுற்றில் முன் போட்ட இழைக்கு ஒட்டி, ஓர் இழை தள்ளி. அதற்கடுத்ததும் அப்படியே. இடையில் இடைவெளியும் இருக்கக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது. இத்தனை சுற்றுக்கு இந்த நிறம், பிறகு அந்த நிறம் என்று மாற்றிக்கொண்டே போனால், பாகங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் மெல்ல மெல்ல நிரம்பி வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாதி வேலை முடியும் வரை கோலம் கண்ணுக்குத் தெரியாது. வெறும் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கிட்டுக் கிடப்பது போலத்தான் இருக்கும். கடைசி இழைகள் போய் இடைவெளியை அடைக்கும்போதுதான் மீன் செதில், அம்பின் இறகு, அலை என்று வடிவம் எழுந்து நிற்கும். நடுவில் ஓர் இழை எண்ணிக்கை பிசகியிருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும். அதுவரை போட்டதைப் பிரிக்க வேண்டியதுதான்.

நம் வீட்டு வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். பாகங்களின் எண்ணிக்கை, இழைகளின் எண்ணிக்கை, நிறம் மாறும் வரிசை ஆகிய மூன்றும்தான் சூத்திரம். அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். கைக்கு வருவதுதான் தாமதம்.

தையல் குறைந்தது

யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் சட்டையும் கவுனும் அன்றாட உடையாயின. தையல் இயந்திரம் வீட்டுக்கு வீடு வந்தது. கிமோனோ திருமணத்துக்கும் விழாவுக்கும் என்று ஒதுங்கியது. தையற்பெண்களின் வேலை குறைந்தபோது அவர்கள் விரலில் இருந்த வளையமும் அவர்களோடு மறையத் தொடங்கியது. கடைச்சரக்காக இருந்த பொருள் என்றால் ஏதாவது ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் பத்து டஜனாவது தேங்கிக் கிடக்கும். பழைய விலைப்பட்டியலிலாவது பெயர் இருக்கும். இது அவரவர் விரலுக்கு அவரவர் செய்தது. செய்தவர் போனால் அளவும் போய்விடும், முறையும் போய்விடும்.

அப்படி முழுவதும் போகாமல் நின்றதற்கு இன்னொரு கைவேலை துணையாக இருந்தது. கனசவாவில் பெண்ணுக்குத் திருமணம் செய்து அனுப்பும்போது பட்டு நூல் சுற்றிப் பூவேலை செய்த கைப்பந்தைச் சீராகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. 1601-ல் தொகுகவா வம்சத்து இளவரசி தமஹிமே மூன்று வயதுக் குழந்தையாக மயேதா குடும்பத்துக்கு மணம் முடித்து வந்தபோது அப்படி ஒரு பந்தைக் கொண்டுவந்தாள் என்பது அந்த ஊர்க் கதை. பந்தைச் சமபாகமாகப் பிரித்து நூல் போடும் முறையும் வளையத்துக்கு நூல் போடும் முறையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பந்து செய்யத் தெரிந்த வீடுகளில் வளையமும் தங்கியது. பாட்டியிடம் இந்த வேலையைக் கற்ற ஓனிஷி யுகிகோ என்பவர் 2000-க்குப் பிறகு இதைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் செயல்முறை நூல்களை எழுதினார். தையலே தெரியாத பெண்களும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். 2015 மார்ச் 14 முதல் டோக்கியோவிலிருந்து கனசவாவுக்கு அதிவேக ரயில் ஓடுகிறது. பயணம் சுமார் இரண்டரை மணி நேரம். சுற்றுலாப் பயணிகள் பெருகினார்கள். பையில் எடை ஏறாத, உடையாத, இந்த ஊர் என்று சொல்லிக் கொடுக்கக்கூடிய நினைவுப் பொருள் அவர்களுக்குத் தேவை. இந்த வளையம் அதற்கென்றே செய்தது போல அமைந்துவிட்டது.

வாங்குகிறவர்களில் பலர் ஊசியைக் கையால் தொடாதவர்கள். மோதிரமாக அணிகிறார்கள். சங்கிலியில் கோத்துப் பதக்கமாகப் போடுகிறார்கள். கழுத்துத் துண்டை அதற்குள் நுழைத்து இழுத்துவிடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

பக்கத்துத் தெருவில் நடந்தது

இதே நகரத்தில் ஊசி வியாபாரத்துக்கும் இது நேர்ந்திருக்கிறது. மெபொசோ ஹசிரொபெய் என்ற கடை 1575-ல் ஊசிக் கடையாகத் தொடங்கியது. அவர்கள் ஊசியின் காது மெல்லியதாகவும் நூல் கோக்க எளிதாகவும் இருந்ததால், மெல்லிய காது என்று பொருள்படும் மெபொசோ என்ற பெயரையே பிரபு அவர்களுக்கு வழங்கினார். ஊசி செய்யத் தெரிந்தவர்களுக்குத் தூண்டில் முள் செய்வது கடினமில்லை. காகா நாட்டுப் போர்வீரர்கள் ஆற்றில் ஆயு என்ற மீனைப் பிடிப்பதை விளையாட்டாகவும் பயிற்சியாகவும் கொண்டிருந்தார்கள். முள்ளில் பறவை இறகைக் கட்டிப் பூச்சி போலக் காட்டி மீனை ஏமாற்றும் தூண்டில் இவர்கள் சரக்காயிற்று. இப்போது அந்த இறகு கட்டும் கைவேலையைக் கொண்டே காதணியும் சட்டைப் பதக்கமும் செய்து விற்கிறார்கள். ஊசி, தூண்டில், நகை: மூன்றும் ஒரே கடையில். 450 வருடத்தில் இரண்டு முறை சரக்கு மாறியிருக்கிறது, பெயர்ப்பலகை மாறவில்லை. ஆனால் இவர்கள் கடைக்காரர்கள். கணக்கும் வாடிக்கையும் கையில் இருந்தன. விரல் வளையத்துக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை என்பதுதான் வித்தியாசம்.

கூலியை எங்கே எழுதுவது?

இப்போது விலைக்கு வருவோம். பட்டு நூல் விலை உயர்ந்த பொருள்தான். 1909 வாக்கில் உலகிலேயே அதிகமாகக் கச்சாப் பட்டு ஏற்றுமதி செய்யும் நாடாக ஜப்பான் உயர்ந்தது. 1929-ல் சுமார் 22 லட்சம் விவசாயக் குடும்பங்கள் பட்டுப்புழு வளர்த்தன. இன்று அந்த எண்ணிக்கை 200-க்கும் கீழே. தேவைப்படும் பட்டில் மிகப் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. (ஜப்பானின் வெண்பட்டுக்கூடு வளர்ப்பு நுட்பம் 1991-ல் தொடங்கிய உதவித் திட்டம் ஒன்றின் மூலம் கர்நாடகத்துக்கும் பிறகு ஆந்திரத்துக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் வந்தது என்பதை இங்கே நினைவூட்டலாம்.) ஆனாலும் ஒரு வளையத்துக்கு ஆகும் நூல் மிகக் கொஞ்சம். காகிதமும் துணியும் கணக்கில் வராது. முழுச் செலவும் நேரம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வளையத்துக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். எளிய கோலத்துக்குக் குறையலாம், நுணுக்கமானதற்குக் கூடலாம். 2024-ல் ஜப்பானில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியின் நாட்டுச் சராசரி மணிக்கு 1,055 யென். பத்து மணி நேரத்துக்கு 10,550 யென். நூலுக்கும் மற்றதற்கும் 500 யென் என்று வைத்தால் அடக்கம் 11,050. கடையில் வைத்து விற்கக் கடைக்காரர் விற்பனை விலையில் 40 சதவீதம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்தால், விலைச் சீட்டில் 18,400 யென்னுக்கு மேல் எழுத வேண்டும். இதில் செய்தவருக்கு லாபம் என்று ஒரு யென்கூட இல்லை. பெட்டிக்கடையில் நின்றால் கிடைக்கும் கூலி மட்டும்தான். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் அதே விலைக்கு வெள்ளி மோதிரம் இருக்கும். வாடிக்கையாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்.

இந்த விலையில் பாதிக்கும் குறைவாகவே இந்த வளையங்கள் விற்கப்படுவதையும் காணலாம். அது எப்படிக் கட்டுகிறது? கட்டுவதில்லை. ஓய்வு நேரத்தில் ஆசைக்குச் செய்கிறவர் தன் மணிக்கணக்கைச் செலவாக எழுதுவதில்லை. நூலுக்குப் போட்ட காசு வந்து, அதற்கு மேல் ஏதாவது கிடைத்தால் போதும் என்று கொடுத்துவிடுகிறார். அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் இதையே தொழிலாகச் செய்து பிழைக்க நினைப்பவர் அந்த விலையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. பழைய தையற்பெண் விடுமுறையில் செய்தாள்; அவள் நேரத்துக்கும் யாரும் கூலி எழுதவில்லை. வளையத்துக்கு மதிப்பு வந்த பிறகும் அந்தப் பழைய கணக்கே தொடர்கிறது.

இதைப் படிக்கும்போது நம் கடைகளின் நினைவு வராமல் இருக்காது. காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கும் அண்ணாச்சி, மதியம் கல்லாவில் உட்காரும் வீட்டம்மா, பள்ளிக்கூடம் விட்டு வந்து பொட்டலம் மடிக்கும் பையன்: இவர்களில் யாருக்குச் சம்பளப் பற்று எழுதுகிறோம்? வருடக் கடைசியில் லாபம் என்று வருகிற தொகையில் மூன்று பேரின் கூலி ஒளிந்திருக்கிறது. பெரிய கடை ஒன்று எதிரில் வந்து விலையைக் குறைத்தால், நாமும் அந்த ஒளிந்திருக்கும் கூலியைத்தான் வெட்டிக் கொடுத்து விலையைக் குறைக்கிறோம். சரக்கின் அடக்கத்தைக் குறைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். கனசவா வளையத்தில் சரக்கு அநேகமாக ஒன்றுமே இல்லாததால் இந்த உண்மை பளிச்சென்று தெரிகிறது. மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் பின்னால் மறைந்துகொள்கிறது.

நேரத்தை விற்பவரும் வாங்குபவரும்

கனசவாவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். செய்து முடித்த வளையம் விலை உயர்ந்ததாகக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் செய்வதற்கு வேண்டிய பொருள்களை ஒரு சிறு பையில் போட்டு வைத்தார்கள். காகிதம், துணி, பட்டுப் பஞ்சு, இரண்டு மூன்று நிற நூல், செய்முறைத் தாள். இதை மூட்டையாக வாங்கிப் பொட்டலமாகக் கட்டி விற்கலாம். அடக்கம் தெரியும், லாபம் தெரியும். அளவுத் தொல்லையும் இல்லை. செய்து முடித்த வளையம் என்றால் சிறுவிரல் முதல் பெருவிரல் வரை எத்தனை அளவு, எத்தனை நிறம், எத்தனை கோலம் இருப்பு வைப்பது? வளையல் கடைக்காரர்களுக்கு இந்த வேதனை புரியும். பையில் போட்டுக் கொடுத்தால் வாங்குகிறவர் தன் விரலுக்குத் தானே அளந்துகொள்கிறார். முதல் வளையம் கோணலாக வரும். இரண்டாவது வளையத்துக்கு மறுபடி நூல் வாங்க வருவார். செய்முறை புரியவில்லை என்றால் இரண்டு மணி நேர வகுப்புக்குக் கட்டணம் கட்டி உட்காருவார். அந்த வகுப்பில்தான் கைதேர்ந்தவரின் நேரத்துக்கு நேரான கூலி கிடைக்கிறது.

நம் கடைகளில் நடப்பதற்கு இது நேர் எதிர். நாம் இட்லி மாவைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறோம். வாடிக்கையாளருக்கு அரைக்க நேரம் இல்லை; அவருடைய நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்து அதற்கு விலை வாங்குகிறோம். கனசவாக் கடைக்காரர் அரிசியையும் உளுந்தையும் கொடுத்து, நீங்களே அரையுங்கள், அதில்தான் சுகம் என்று சொல்லி அதற்கும் விலை வாங்குகிறார். இரண்டும் வியாபாரம்தான். எந்த வாடிக்கையாளரிடம் எதைச் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பையை வாங்கிச் செய்யக் கற்றவர்களே நாளைக்குப் பாதி விலைக்கு விற்பவர்களாகவும் ஆகலாம். கடைக்காரர் தன் போட்டியைத் தானே வளர்க்கிறார் என்று சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் ஒரு வளையத்தையாவது தன் கையால் செய்து பார்த்தவர் கண்ணாடிப் பெட்டியில் உள்ள 18,000 யென் வளையத்தைப் பார்த்து அநியாய விலை என்று சொல்ல மாட்டார். தனக்கு எத்தனை ராத்திரி பிடித்தது என்பது அவருக்குத் தெரியும். நம் கணிப்பில் அந்த விலை நிற்பதற்கு விளம்பரத்தைவிட இவர்களே பெரிய காரணம்.

விற்பவர் வாங்குபவரிடம் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. பட்டு என்பதால் தண்ணீர் ஆகாது. கை கழுவும்போது கழற்றி வைக்க வேண்டும். வாசனைத் தைலம் பட்டால் கறை படியும். வெயிலில் கிடந்தால் சாயம் மங்கும். உண்மையில் தைக்கப் பயன்படுத்தினால் ஊசி முட்டும் இடத்தில் நாளடைவில் நூல் தேயும். அது தேய்வதற்கென்றே செய்யப்பட்டது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: தைக்கவா, அணியவா? தைக்கிற வளையம் நடுவிரலின் முதல் கணுவைத் தாண்டி நடுக்கணுவுக்கு மேலே நின்றுவிட வேண்டும். அணிகிற மோதிரம் பருத்த நடுக்கணுவையும் தாண்டி விரலின் அடிக்கு இறங்க வேண்டும். ஒரே விரல், இரண்டு அளவு. பழைய தையற்பெண்ணின் வளையம் கிடைத்து அதை மோதிரமாகப் போட்டுப் பார்க்கிறவருக்கு அது பாதி வழியிலேயே நின்றுவிடும்.